மிருதனும் தாது வருஷமும்

2016 பிப்ரவரியில் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவர் முழுக்க ஒரே போஸ்டர். 'மிருதன்'. ஜெயம் ரவி நடித்த படம், தமிழில் முதல் ஜாம்பி படம் என்று ஒரே பேச்சு. நான் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தப் போஸ்டரைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள் ஒரு முழுப் படத்தையே ஓட்டி வைத்திருந்தேன். "அதையெல்லாம் பார்த்துட்டு ராத்திரி பாத்ரூம் போக என்னை எழுப்புவ. ஒண்ணும் வேண்டாம்" என்று அம்மா முடித்துவிட்டார்.

கடைசியில் படம் பார்க்கக் கிடைத்தது 2021 மே மாதத்தில். கொரோனா இரண்டாவது அலை, ஊரடங்கு, வீட்டை விட்டு வெளியே போக முடியாது. செல்போனில்தான் பார்த்தேன். ஐந்து வருஷக் காத்திருப்பு! படம் முடிந்ததும் என்ன தோன்றியது தெரியுமா? ஒன்றுமே தோன்றவில்லை. பயம் வரவில்லை, அழுகை வரவில்லை. 'இவ்வளவுதானா' என்றுதான் இருந்தது.

மொக்கைப் படம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாயி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டா சாமி, இதுக எல்லாம் பசிக்குத்தான கடிக்குதுக? ஒருத்தருங்கூட ஒரு வாய் கஞ்சி ஊத்தலியா?"

நான் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசிக்க யோசிக்க சிரிப்பு போய்விட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. இது பட விமர்சனம் இல்லை. நான் வரலாறு படிக்கிறவன். ஒரு படம் ஏன் ஏமாற்றியது என்பதற்கான காரணத்தை வரலாற்றில் தேடிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

படத்தில் என்ன இருக்கிறது?

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. சக்தி சௌந்தர்ராஜன் இயக்கிய படம். 2016 பிப்ரவரி 19-இல் வெளியானது. இமான் இசை. ஊட்டியில் ஒரு டிராபிக் போலீஸ்காரர், அவருக்கு ஒரு தங்கை. அவர் ஒரு டாக்டரை ஒருதலையாகக் காதலிக்கிறார். ஒரு நச்சுத் திரவம் சிந்துகிறது. அதில் வாய் வைத்த நாய்க்கு வெறி பிடிக்கிறது. நாய் ஒரு ஆளைக் கடிக்க, அந்த ஆள் அடுத்த ஆளைக் கடிக்க, ஊரே மிருதனாகிவிடுகிறது. மிருகம் பாதி மனிதன் பாதி, அதனால் மிருதன். இந்த மிருதன்களுக்குத் தண்ணீர் என்றால் பயம். மருந்து கண்டுபிடிக்க டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு ஹீரோ ஊட்டியிலிருந்து கோயமுத்தூருக்குக் காரில் இறங்குகிறார். வழியெல்லாம் சுட்டுக்கொண்டே போகிறார்.

நியாயமாகப் பேசுவோம். பேய்ப் படம் என்றாலே காமெடிப் பேய், அழகுப் பேய் என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இப்படி ஒன்றை எடுக்கத் துணிந்ததற்கே இயக்குநருக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். இதே இயக்குநர்தான் 2018-இல் 'டிக் டிக் டிக்' என்று விண்வெளிக்கும் போனார். வித்தியாசமாக முயற்சி செய்கிற ஆள். ஜெயம் ரவியும் (2025-இலிருந்து ரவி மோகன்) இரண்டு படத்திலும் குறை வைக்கவில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. படத்தில் ஊட்டி இருக்கிறது, கோயமுத்தூர் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்களுக்கு ஒரு ஞாபகமும் இல்லை. அந்த மலையிலும் இந்தச் சமவெளியிலும் இதற்கு முன்னால் ஒரு கொள்ளை நோயோ ஒரு பஞ்சமோ வந்ததே இல்லை என்பது போலக் கதை போகிறது. ஜாம்பி என்கிற சரக்கு அப்படியே வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கியிருக்கிறது. இறக்குமதி செய்தது தப்பில்லை. ஆனால் அந்தச் சரக்கு முதலில் எங்கே, எதற்காக உண்டானது என்று பார்த்திருக்க வேண்டாமா?

ஜாம்பி முதலில் கடிக்கவில்லை

ஜாம்பி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கடிப்பது, ரத்தம், கூட்டமாக ஓடி வருவது. ஆனால் ஜாம்பியின் சொந்த ஊரில் அது யாரையும் கடிக்கவே இல்லை.

அந்தச் சொந்த ஊர் கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டி. 18-ஆம் நூற்றாண்டில் அது பிரான்சின் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மக்களைப் பிடித்து வந்து கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக வேலை வாங்கினார்கள். வந்த சில வருஷங்களிலேயே பலர் செத்துப் போவார்கள், புதிதாக ஆட்களைக் கொண்டு வருவார்கள். அந்த மக்களுக்குச் சாவு ஒரு விடுதலை. செத்தால் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று நம்பினார்கள். அப்படியென்றால் அவர்களுக்கு மிகப் பெரிய பயம் எது? செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்பதுதான். அந்தப் பயத்தின் பெயர்தான் ஜாம்பி. மந்திரவாதி ஒருவன் பிணத்தை எழுப்பித் தோட்டத்தில் வேலைக்கு விடுவான். அதற்குப் புத்தி கிடையாது, கூலி கிடையாது, முடிவும் கிடையாது.

அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-இல் ஹெய்ட்டி சுதந்திரம் வாங்கியது. அப்புறம் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. அந்தச் சமயத்தில் அங்கே போன வில்லியம் சீபுரூக் என்ற எழுத்தாளர் 1929-இல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க சர்க்கரைக் கம்பெனியின் கரும்பு வயலில் பிணங்கள் வேலை செய்த கதை அதில் வருகிறது. அதன் சூட்டோடு 1932-இல் 'ஒயிட் ஜாம்பி' என்ற படம் வந்தது. ஜாம்பி படங்களில் முதல் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி உண்டு. பிணங்கள் வரிசையாக நின்று ஆலையைச் சுற்றுகின்றன. ஒன்று தடுமாறி இயந்திரத்துக்குள் விழுகிறது, மற்றவை திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மோகனூர் சர்க்கரை ஆலைப் புகையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும் :-)

கடிக்கிற ஜாம்பி வந்தது 1968-இல். ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. ஆச்சரியம் என்னவென்றால் அந்தப் படத்தில் ஜாம்பி என்ற வார்த்தையே வராது. ஒரு வீட்டுக்குள் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றப் போராடுகிற ஹீரோ ஒரு கறுப்பின இளைஞர். விடிகிற வரை பிணங்களிடமிருந்து தப்பித்துவிடுகிறார். விடிந்ததும் ஜாம்பி வேட்டைக்கு வந்த வெள்ளையர் கூட்டம் அவரையும் ஜாம்பி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அதே வருஷம் ஏப்ரலில். படம் வந்தது அக்டோபரில். பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இன்னொரு வேடிக்கை. கடைசி நேரத்தில் படத்தின் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டார்கள். அதனால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போடலாம். உலகம் முழுக்க அந்த அச்சிலேயே ஜாம்பி வார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நல்ல ஜாம்பி படம் எடுத்தவர்கள் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே தங்கள் ஊர்ப் பயத்தை ஊற்றினார்கள். இங்கிலாந்தில் 2001-இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் வந்து 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடுகளைக் கொன்று எரித்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தின் வெறிச்சோடிய இங்கிலாந்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகை ஞாபகம் வராமல் இருந்திருக்காது. கொரியாவின் 'டிரெயின் டு பூசான்' மிருதன் வந்த அதே 2016-இல், ஐந்து மாதம் கழித்து வந்தது. ஒரு ரயில் பெட்டிக்குள் யார் யாரைக் கதவைச் சாத்தி வெளியே தள்ளுகிறார்கள் என்பதுதான் கதையே. நானும் அந்தப் படத்துக்கு அழுதேன். கொரியாக்காரனுக்கு அழுத நான், நம்ம மேட்டுப்பாளையம் ரோட்டில் செத்தவர்களுக்கு ஏன் அழவில்லை?

ஊட்டிக்குப் பக்கத்திலேயே குன்னூர்

மிருதனில் நோய் எப்படி வருகிறது? நாய் கடிக்கிறது. வெறி வருகிறது. தண்ணீரைக் கண்டால் பயம். கேட்டால் என்ன ஞாபகம் வருகிறது? ரேபிஸ். ரேபிஸ் முற்றியவருக்குத் தண்ணீரை விழுங்கப் போனாலே தொண்டை இழுத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரைப் பார்த்தாலே உடம்பு நடுங்கும். அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இது கற்பனையே இல்லாத ஜாம்பி.

இப்போது வரலாற்றைப் பாருங்கள். ஊட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது குன்னூர். 1902-இல் ஒரு இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்து போனார். அப்போது இந்தியாவில் இதற்கான மருத்துவ நிலையம் வடக்கே இமயமலைப் பக்கம் கசௌலியில் இருந்தது. நீலகிரியிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும்? அந்தச் சாவுக்குப் பிறகு தெற்கே ஒரு நிலையம் வேண்டும் என்ற முயற்சி வலுத்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதி இதற்குப் போனது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. இன்றைக்கும் இருக்கிறது.

நம் அப்பா அம்மா தலைமுறையில் நாய் கடித்தவர்களைக் கேளுங்கள். 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று சொல்லும்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த தடுப்பு மருந்து அது. இந்தியாவில் அதன் தயாரிப்பை 2004 கடைசியில்தான் நிறுத்தினார்கள். இப்போது கையில் போடுகிற சில ஊசிகளோடு முடிந்துவிடும். (நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஜாம்பி படத்தை விட இது முக்கியம்.)

நூறு வருஷத்துக்கு மேலாக நாய்வெறிக்கு மருந்து செய்கிற ஊர் பக்கத்திலேயே இருக்க, நாய்வெறி மாதிரியே ஒரு நோய்க்கு மருந்து தேடி ஹீரோ குன்னூரைத் தாண்டிக் கோயமுத்தூர் போகிறார். இதைத்தான் ஊருக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னேன். கோயமுத்தூரும் லேசுப்பட்ட ஊர் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் அந்த நகரத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே அங்கே கோயில் இருக்கிறது. ஒரு நோயின் பெயரைச் சாமிக்கே வைத்து வைத்திருக்கிற ஊருக்குள் ஒரு ஜாம்பி படம் போகிறது, அந்தக் கோயில் வாசலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

தாது வருஷம்

இப்போது எங்க பக்கம் வருகிறேன். அம்மாயி கேட்ட கேள்விக்கும் வருகிறேன்.

சின்ன வயசில் நான் அவசர அவசரமாகச் சாப்பிட்டால் அம்மாயி சொல்வார், "தாது வருசத்துப் பஞ்சத்துல அடிபட்டவனாட்ட ஏன்டா திங்கற?" அது ஏதோ திட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, தாது வருஷம் என்பது 1876-77. அந்த வருஷம் தொடங்கி 1878 வரை நீண்டதுதான் சென்னை மாகாணத்தையே உலுக்கிய பெரும் பஞ்சம்.

1876-இல் மழை பொய்த்தது. தானிய விலை ஏறியது. அப்போதைய சேலம் மாவட்டம் என்பது இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்தது. முழுக்க மானாவாரி பூமி. காவிரி ஓரத்தை விட்டால் ஏரியும் கிணறும்தான். மேட்டூர் அணையெல்லாம் 1934-இல் வந்தது. சோளமும் கம்பும் ராகியும் வானத்தை நம்பித்தான் விளைந்தன. விவசாயக் கூலிக்கு வேலை போயிற்று. கையில் காசில்லாத ஊரில் துணி யார் வாங்குவார்கள்? நெசவாளர்களும் தறியை நிறுத்தினார்கள்.

தானியமே இல்லையா என்றால், இருந்தது. சேலம் வழியாக 1860-களிலேயே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரயில் பசி இருக்கிற ஊருக்குப் போகவில்லை, விலை இருக்கிற ஊருக்குத்தான் போயிற்று. அரசாங்கம் சந்தையில் கை வைக்கக் கூடாது என்பது அன்றைய கொள்கை. 1877 ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்து விருந்து வைத்தார்கள். அதே மாதம் வைஸ்ராய் லிட்டன், சென்னை மாகாணத்தில் நிவாரணச் செலவு அதிகமாகிறது என்று சொல்லி, அதைக் குறைக்க ஒருவரை அனுப்பினார். அவர் பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

இந்த டெம்பிளின் கதையைத்தான் யாராவது படமாக எடுக்க வேண்டும். 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவர் இதே டெம்பிள். பர்மாவிலிருந்து அரிசியை இறக்கித் தாராளமாகக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகவும் குறைவு. அதற்காக அவருக்கு மாலை போட்டார்களா? இல்லை. இவ்வளவு பணத்தை வீணடித்துவிட்டாரே என்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து நம்ம பக்கம் வந்த டெம்பிள் வேறு ஆள். இந்த முறை தன்னை யாரும் ஊதாரி என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தார். நிவாரண வேலையில் நாள் முழுக்கக் கடுமையாக உழைக்கிற ஆம்பளைக்குக் கூலியாக ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராம், ஒரு அணாவும் என்று நிர்ணயித்தார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதை விடக் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே சரித்திரத்தில் அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவை வைத்துக்கொண்டு உழைக்கிற உடம்பு உயிரோடு இருக்க முடியாது என்று எதிர்த்து எழுதினார். கடைசியில் 1877-லேயே அளவைக் கூட்ட வேண்டி வந்தது. அதற்குள் காலராவும் அம்மையும் சேர்ந்துகொண்டன. வெறும் வயிற்றோடு நிவாரண முகாமில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களை அவை அள்ளிக்கொண்டு போயின.

ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் எடுத்த பஞ்சப் புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பார்க்கச் சொல்லிச் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். முழங்கால் தொடையை விடப் பெரிதாக இருக்கிறது. குடும்பம் குடும்பமாக கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் இதற்கு ஒரு வார்த்தை ரொம்ப நாளாக இருக்கிறது, நடைபிணம்.

ஹெய்ட்டியின் ஜாம்பியை இப்போது மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அது கடிக்கவில்லை, வேலை செய்தது. தாது வருஷத்து நடைபிணமும் யாரையும் கடிக்கவில்லை. கல் உடைத்தது, ரோடு போட்டது, ஏரியில் மண் சுமந்தது, ஒரு பவுண்டு தானியத்துக்காக. கால் நடக்க முடிந்தவர்களில் எத்தனையோ பேர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தும் கப்பலேறியும் போனார்கள். அங்கேயும் தோட்டம், அங்கேயும் வேலை. ஜாம்பி நமக்கு அந்நியமே இல்லை! அதற்கு இறக்குமதி வரியே கட்டியிருக்க வேண்டாம்.

இரண்டே இரண்டு எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 19,66,995 பேர். பஞ்சம் முடிந்து 1881-இல் எடுத்த கணக்கில் 15,99,595 பேர். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனத்தொகையில் சுமார் 3 லட்சத்து 67 ஆயிரம் பேர் குறைவு. 1871-இல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், ஐந்து பேருக்கு ஒருவர் என்று சொல்லும் அளவுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. ஒரு பகுதி பேர் ஊரை விட்டுப் போனவர்கள், மற்றவர்கள் செத்தவர்கள். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ்ஸில் 50 பேர் போகிறோம் என்றால் அதில் 9 சீட்டைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள்.

உலகம் முடிந்த பிறகு என்ன என்று காட்டுகிற படத்துக்கு இதற்கு மேல் என்ன கதை வேண்டும்? இந்த மண்ணில் உலகம் ஒரு முறை முடிந்திருக்கிறது. அப்புறம் மீதி இருந்தவர்கள் விதைத் தானியம் தேடி, மாடு தேடி, மறுபடியும் ஏர் கட்டியிருக்கிறார்கள். நாமெல்லாம் அப்படி மிஞ்சியவர்களின் பேரன் பேத்திகள்தான். அரசாங்கமும் பாடம் படித்தது என்று சொல்ல வேண்டும். 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது, 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. பஞ்சம் வரும் அறிகுறி எது, எப்போது நிவாரணம் தொடங்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். லட்சக்கணக்கில் செத்த பிறகு எழுதிய புத்தகம்.

கடிக்காமலே பரவியது

சரி, அது 150 வருஷத்துக் கதை. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2020 பிப்ரவரி, மார்ச். கொரோனா இங்கே சரியாக வந்து சேரவே இல்லை. ஆனால் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி வந்து சேர்ந்துவிட்டது. அந்த மார்ச்சில் கேரளாவில் கோழிக்கோடு பக்கம் பறவைக் காய்ச்சலும் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிட்டார்கள். நாமக்கல் என்றால் முட்டை. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை போகிற ஊர். முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே போய்விட்டது.

என் மாமா சின்னதாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். வதந்தியைக் கேட்டுக் கோழி முட்டை போடுவதை நிறுத்தாது. தீவனம் தினமும் போட்டே ஆக வேண்டும், மக்காச்சோளக்காரருக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். பண்ணையில் முட்டை அட்டை கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. வாங்க வண்டி வரவில்லை. மாமா சாயங்காலம் அந்த அட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அத்தை சாப்பிடக் கூப்பிட்டால், "வர்றேன் போ" என்பார், வர மாட்டார். ஒரு கிருமி எங்க ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே அதைப் பற்றிய பயம் வந்து ஒரு மனுஷனைக் கடித்துவிட்டதை நான் அங்கேதான் பார்த்தேன்.

இதைப் பார்த்துவிட்டு வந்து மிருதன் பார்த்தால் எப்படிப் பயம் வரும்? படத்தில் யாருக்கும் கடன் இல்லை. யாருக்கும் தீவனம் வாங்கக் காசு வேண்டியதில்லை. வதந்தி இல்லை. சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இல்லை. கடித்தால் மிருதன், சுட்டால் சாவு. அவ்வளவு சுலபமாக உலகம் முடியாது.

சேலத்துக்காரன் கேட்கலாம்

'குறை சொல்வது ஈஸி, படம் எடுத்துப் பார்' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் சேலத்துக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள் சார்! ஏற்காடு ரோட்டில் இன்றைக்கும் ஒற்றை வளைவாக நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் கட்டியது, அங்கே 1952-இல் அமெரிக்க நடிகர்களை வரவழைத்து 'தி ஜங்கிள்' என்று ஒரு படம் எடுத்தார்கள். காட்டு யானைகள் ஏன் ஊருக்குள் வெறி பிடித்து ஓடி வருகின்றன என்று தேடிப் போனால், காட்டுக்குள் பழங்காலத்து மம்மூத் இருக்கிறது. யானைக்கு ரோமம் போர்த்தி மம்மூத்தாக்கினார்கள் :-) இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், யானை ஊருக்குள் வருவது நம்ம பக்கத்துக் காட்டோரச் சனங்களின் நிஜப் பயம். அதை எடுத்துக்கொண்டு அதன் மேல் கற்பனையைக் கட்டினார்கள். வெளிநாட்டு அச்சு, உள்ளூர் பயம். 1952-இல் தெரிந்த சூட்சுமம்.

அதனால் நாளைக்கு யாராவது நம்ம ஊர் ஜாம்பி படம் எடுக்கப் போனால், ஒரு வேண்டுகோள். லேபில் சிந்துகிற திரவத்தில் ஆரம்பிக்க வேண்டாம். மழை வராத ஒரு வருஷத்தில் ஆரம்பியுங்கள். ஏரியில் மண் சுமக்கிற ஒரு பெண்ணிடமிருந்தும், அவளுக்கு எத்தனை கிராம் என்று காகிதத்தில் எழுதுகிற ஒரு அதிகாரியிடமிருந்தும் ஆரம்பியுங்கள். அந்த அதிகாரி கெட்டவனாக இருக்க வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் நல்லது செய்து திட்டு வாங்கியவனாக இருக்கட்டும்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் மிருதனை மறுபடியும் ஒரு முறை பார்த்தேன். அப்புறம் அம்மாயியிடம் போய், "நீ அன்னைக்குக் கேட்டியே, கஞ்சி ஊத்துனாங்களான்னு, தாது வருசத்துல ஊத்துனாங்களா?" என்று கேட்டேன்.

"ஊத்துனாங்களாம்டா. எங்க பாட்டி சொல்லுவாங்க, கஞ்சித்தொட்டின்னு இருந்துச்சாம். வரிசையில நின்னு கை நீட்டுறதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டே வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுச் செத்தவங்களும் உண்டாமா."

அப்புறம் கொஞ்ச நேரம் அம்மாயி பேசவில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் 'தாது வருஷம்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இந்தப் பக்கத்துக் குடும்பம் என்றால் நிச்சயம் ஏதாவது ஒரு கதை வரும். அதை எழுதி வையுங்கள்.